காலை எடுங்க அத்தான்

ஜூன் 4, செவ்வாய்

இன்று வரலாறு நடக்கப்போகிறது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து போயிருப்பேன்.

முடி வெட்டப் போயிருந்தேன். என் தலையில் மிச்சம் இருப்பவை பதினேழு முடி. ஒவ்வொன்றையும் தனித்தனியே நலம் விசாரித்துவிட்டுத்தான் முடிதிருத்துபவர் கத்தரியை எடுப்பார். அப்போது கடைத் தொலைக்காட்சியில் விளம்பரம். நாளை முதல் மாலை ஏழு மணிக்கு 'மறக்க முடியாத நூறு'. தொலைக்காட்சியில் யாரோ பேசி, ஊரே திருப்பிச் சொன்ன வசனங்கள். மக்கள் ஓட்டுப் போட்ட வரிசையில். தினம் பத்து. நூறாவது இடத்தில் தொடங்கும். கடைசிப் பத்து மட்டும் ஞாயிறு பதினாறாம் தேதி நேரடி ஒளிபரப்பு.

கத்தரி அந்தரத்தில் நின்றது.

"சார், முதல் இடம் எதுன்னு நான் இப்பவே சொல்லிடவா?" கண்ணாடியைப் பார்த்து முகத்தைப் பயந்த முகமாக மாற்றிக்கொண்டார். "காலை எடுங்க அத்தான், பேப்பர் கிழியுது!"

காத்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பத்துநான்கு வருடப் பயிற்சி.

"யாரு எழுதினதோ?" என்றேன், ஒன்றுமறியாத குழந்தையாக.

"எழுதினதா? அவரே யோசிச்சது சார். குளிக்கும்போது தோணுச்சாம். பேட்டியில சொன்னாரே!"

கண்ணை மூடிக்கொண்டேன். முடி விழுந்துவிட்டது என்று நினைத்து ஊதிவிட்டார்.

ஜூன் 5, புதன்

எதிர்கால ஆராய்ச்சியாளர்கள் என் மேசை இழுப்பறையைக் குடைந்து இந்த நோட்டை எடுக்கப்போவது உறுதி. அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளாமல் இருக்க, உண்மையை ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

முப்பத்துநான்கு வருடங்களுக்கு முன் வாராவாரம் ஓர் அலுவலக நகைச்சுவை நாடகம். எல்லாம் நேரடி ஒளிபரப்பு. பயந்தாங்கொள்ளிக் குமாஸ்தாவாக நடித்தவர் என் அக்காவின் கணவர், அத்தான். மகா நடிகர். ஆனால் தன் வீட்டுக் கதவு எண்ணே மனப்பாடம் ஆகாத மனிதர். அதனால் குமாஸ்தாவின் மேசைமேல் தரை வரை ஒரு பச்சைத் துணி. துணிக்குள் நான். மடியில் வசனத்தாள், கையில் குட்டி விளக்கு. நான் கீழிருந்து முணுமுணுப்பேன், அவர் மேலே பேசுவார். படப்பிடிப்புக் கூடத்தில் என் பெயர் 'கீழ்த்தளம்'. "கீழ்த்தளம் வந்தாச்சா? அப்ப ஆரம்பிங்க!" நான் இல்லாமல் அந்த நாட்டில் சூரியன்கூட உதிக்காது.

எங்களுக்குள் ஒரு காலடி மொழி இருந்தது. அவர் ஷூ நுனி இரண்டு முறை தட்டினால் 'அடுத்த வரி கொடு'. ஒரு முறை தட்டினால் 'எனக்குத் தெரியும், நீ பேசாதே'. ஒற்றைத் தட்டு மூன்று வருடத்தில் நாலு தடவை வந்திருக்கும்.

அந்த வசனம் பிறந்த அன்று மேலாளர் பாத்திரம் குமாஸ்தாவைக் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருந்தது. குமாஸ்தா சொல்ல வேண்டியது: "இனிமே இப்படி நடக்காது ஐயா." என் மடியிலிருந்து தாள் நழுவித் தரையில் விழுந்தது. அதன்மேல் அத்தானின் ஷூ. இழுத்தேன். கிழியத் தொடங்கியது. வேலை இடத்தில் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. அந்த அவசரத்தில் எந்தக் கட்டளை ஞாபகம் வரும்? "காலை எடுங்க அத்தான், பேப்பர் கிழியுது" என்று சீறினேன்.

கீழிருந்து எது வந்தாலும் அது நேராக அவர் வாய்க்குப் போய்விடும். போனது. நடுங்கிக்கொண்டே, கண்ணீர் மல்க, மேலாளரைப் பார்த்து அதையே சொன்னார்.

ஒரு மூச்சு நேரம் பூமி சுற்றவில்லை. பிறகு, மேலாளராக நடித்தவர் தன்னை அறியாமல் தன் காலைத் தூக்கினார்.

நாடே சிரித்தது. மறுநாளிலிருந்து அதிகாரம் பண்ணுகிறவர்களை எல்லாம் பார்த்து மக்கள் அதைத்தான் சொன்னார்கள். மனைவி கணவனிடம், தொழிலாளி முதலாளியிடம், கூட்டத்தில் பின்வரிசைக்காரன் மேடையைப் பார்த்து. ஒரு குமாஸ்தா ஏன் மேலாளரை 'அத்தான்' என்று கூப்பிட வேண்டும் என்று இன்றுவரை ஒரு ஜீவன் கேட்டதில்லை.

பதினோரு வருடம் முன்பு பேட்டியில் அத்தானிடம் கேட்டார்கள், இது எப்படிப் பிறந்தது என்று. நான் வீட்டில் தொலைக்காட்சி முன்னால், நாற்காலி நுனியில். 'கீழே இருந்து' என்று ஒரு சொல் சொன்னால் போதும் எனக்கு.

"குளிக்கும்போது தோணுச்சு" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. பதினோரு வருடமாகத் தினமும் குளிக்கிறேன். சோப்பு கரைகிறது, வேறெதுவும் தோன்றியதில்லை.

இன்று மாலை நூறிலிருந்து தொண்ணூற்றொன்று வரை. நம்முடையது வரவில்லை. வராதது நல்லது.

ஜூன் 7, வெள்ளி

எண்பத்தெட்டாவது இடத்தில் வினாடிவினாக்காரர்: "யோசிச்சு சொல்லுங்க, ஆனா சீக்கிரம் சொல்லுங்க." எழுபத்தாறில் சமையல் அம்மாள்: "ஒரு சிட்டிகை, அதுக்கு மேல உங்க தைரியம்." இவர்கள் எல்லாம் வழியில் இறங்க வேண்டியவர்கள். நாம் முனையம் வரை.

என் இப்போதைய உத்தியோகம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். சிறிய அறை, ஒலிவாங்கி, ஓட்டை போட்ட ஒரு ஜன்னல். நான் வாயைத் திறந்தால் ஆயிரம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எந்தச் சக்கரவர்த்திக்கு இந்தப் பேறு வாய்த்தது? யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

பிற்பகலில் மழை லேசாகத் தூறியது. ஜன்னல் முழுக்கப் பேருந்துகள், நீருக்குள் நகரும் பெரிய மீன்கள் மாதிரி. அப்போது ஒரு மீனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், யாரிடமோ: "காலை எடுங்க அத்தான், பேப்பர் கிழியுது!" சிரிப்பு. பேருந்து திரும்பிப் போய்விட்டது.

என் வாக்கியம் எங்கே போகிறது? யார் வீட்டில் இறங்கும்? எனக்கு ஒரு கடிதமாவது போடக் கூடாதா?

ஆறாம் நடைமேடை வண்டியை ஒன்பதாம் நடைமேடை என்று அறிவித்துவிட்டேன். ஆயிரம் பேர் ஓடினார்கள். மன்னிப்புக் கேட்டதும் திரும்பி ஓடினார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

அக்கா வந்தாள். இரண்டு ஞாயிறுக்கு ஒருமுறை சாப்பாட்டு டப்பாவோடு வருவாள். அத்தானைப் பற்றி நான் கேட்க மாட்டேன், அவள் சொல்ல மாட்டாள். இன்று டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசிப் பத்துல நம்மது இருக்காம். எத்தனாவதுன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. அவரை நேர்ல கூப்பிட்டிருக்காங்க."

"போகட்டுமே. குளிச்சுட்டுப் போகச் சொல்லு."

அக்கா சிரிக்கவில்லை.

"அவருக்கு வார்த்தை வரமாட்டேங்குதுடா. ஒரு வருஷமா. கரண்டின்னு சொல்ல வாய் திறப்பார், வராது. கையால காட்டுவார். வெளில யாருக்கும் தெரியாது. போகாதீங்கன்னா கேக்கல. கடைசியா ஒரு தடவை மேடையில நிக்கணுமாம்."

"காதுக்குள்ள வைக்கிற கருவி இருக்கே?"

"வச்சுப் பாத்தோம். எங்கிருந்து பேசறாங்கன்னு தெரியாம பயந்துட்டார். கழட்டி எறிஞ்சுட்டார்." டப்பாவின் மூடியைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "அந்தப் பழைய ஆபீஸ் மாதிரியே அரங்கம் போடறாங்களாம். மேசை, பச்சைத் துணி, எல்லாம். நிகழ்ச்சியைத் தயாரிக்கற பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிட்டேன். அவ சரின்னுட்டா."

"எதுக்குச் சரின்னா?"

"உனக்குத்தான் தெரியுமே எதுக்குன்னு."

எனக்கு அறுபத்தொரு வயது. உட்கார்ந்து எழுந்தால் முழங்காலில் வரும் சத்தத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜன்னல் சாத்துகிறார்கள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டது யார்?

ஜூன் 10, திங்கள்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது புரிந்தது. நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

கீழிருந்து எது வந்தாலும் அவர் வாய்க்குப் போகும்.

எது வந்தாலும்!

ஜூன் 11, செவ்வாய்

எழுதிவிட்டேன். மூன்று பக்கம். "பெருமக்களே! முப்பத்துநான்கு வருடமாக உங்கள் முன் நிற்கும் நான் ஒரு வாக்கியத் திருடன்" என்று தொடங்குகிறது. இரண்டாம் பக்கத்தில் என் மைத்துனர் ஒரு மேதை என்று வருகிறது. மேதை போதாது என்று 'மாமேதை' ஆக்கினேன். மூன்றாம் பக்கம் முடியும்போது கூட்டம் எழுந்து நிற்கிறது, துணி விலகுகிறது, வெளிச்சத்தில் நான். நாட்டின் எல்லாப் பேருந்துகளும் ஒருமுறை ஒலியெழுப்பி நிற்கின்றன.

இந்தக் கடைசி வரி அத்தான் பேசுவதற்கில்லை. எனக்காக.

ஜூன் 12, புதன்

கனவு. மேசைக்கு அடியில் இருக்கிறேன். ஆனால் மேசை முடியவே இல்லை. பச்சைத் துணி வழியாக வெளிச்சம், குளத்துக்கு அடியில் இருப்பதுபோல. சுற்றிலும் காலணிகள், பழைய நடிகர்கள், நடிகைகள், ஒளிப்பதிவாளர். முகம் இல்லாமலே ஒவ்வொருவரையும் அடையாளம் தெரிகிறது. ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை தட்டுகிறது. என் மடியில் தாள் இல்லை. நான் வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன். சொன்னதெல்லாம் குமிழி குமிழியாக மேலே போகிறது. மேலே யாரோ சிரிக்கிறார்கள், ரொம்பத் தூரத்தில்.

விழித்தபோது உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்பு. நல்ல கனவா இது? தெரியவில்லை. வேலைக்குப் போகும் வழியெல்லாம் எல்லாருடைய ஷூவையும் பார்த்துக்கொண்டே போனேன்.

ஜூன் 13, வியாழன்

பதினொன்றாவது இடம் வரை வந்துவிட்டது. முடிதிருத்துபவர் மிட்டாய் வாங்கிவைத்திருக்கிறார். "எதுக்குங்க?" என்றேன். "நம்ம ஆளு ஜெயிப்பார்ல சார்." 'நம்ம ஆளு' என்பது என் அத்தான்.

இரண்டாம் பக்கத்தில் 'திருடன்' என்று மூன்று இடத்தில் வருகிறது. ஒன்றை அடித்தேன்.

கரண்டி என்ற சொல் வராதாமே.

மறுபடி எழுதினேன். எதற்கு அடிக்க வேண்டும்? குளியலறையில் கண்டெடுத்தேன் என்று சொன்னபோது வார்த்தை நன்றாகத்தானே வந்தது?

ஜூன் 16, ஞாயிறு (எழுதுவது திங்கள் காலை)

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அக்கா மகள்தான் என்னை வண்டியில் அழைத்துப்போனாள். பல் மருத்துவர், வாயைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பவள்.

"மாமா, சட்டைப் பையில என்ன புடைப்பா இருக்கு?"

"மூட்டு வலித் தைலம்."

"தைலம் சலசலன்னு சத்தம் போடுமா?"

"வீரியமான தைலம்மா."

சிக்னலில் நின்றபோது என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "அப்பா நேத்து முழுக்க உங்க பேரை ஞாபகப்படுத்தப் பாத்தாரு மாமா. வரல. தரையைக் காட்டிக்காட்டி 'கீழ, கீழ'ன்னாரு."

நான் வெளியே பார்த்தேன். வானம் இருட்டிக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பியதும் ஒரு குடைக் கடை மிக மெதுவாகக் கடந்துபோனது.

அவர் வருவதற்கு முன்பே என்னை மேசைக்குள் நுழைத்துவிட்டார்கள். தயாரிப்பாளர் பெண் ஒரு தலையணை தந்தாள். அந்தக் காலத்தில் எனக்குத் தலையணை கிடையாது, நாகரிகம் வளர்ந்திருக்கிறது. குட்டி விளக்கைப் போட்டேன். துணி பச்சையாக ஒளிர்ந்தது. வெளியே எண்ணூறு பேர் பேசும் சத்தம் மழை மாதிரி.

பிறகு ஷூ வந்தது.

பதினோரு வருடம் கழித்து அத்தானை நான் முதலில் பார்த்தது அப்படித்தான், கணுக்கால் வரை. கறுப்பு ஷூ, நன்றாகத் துடைத்தது. ஆனால் அந்தக் கால்கள் எப்போதும் தரையை உதைத்து வரும். இவை தடவிக்கொண்டு வந்தன. நாற்காலியைத் தேடி இரண்டு முறை தவறி, உட்கார்ந்தன. வலது நாடா அவிழ்ந்திருந்தது.

கட்டினேன். என்ன செய்வது, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கால் ஒரு கணம் விறைத்தது. அப்புறம், நாய்க்குட்டி தலையைக் கொடுப்பதுபோல, என் கைப்பக்கமாகச் சாய்ந்தது.

தொகுப்பாளர் வந்தார். நம்முடையது இரண்டாவது இடம் என்று அறிவித்தார். முதலிடம் வானிலை அறிவிப்பாளரின் "எதுக்கும் குடையை எடுத்துக்குங்க." கோபம் வரவேண்டும். ஆனால் அன்று நானும் குடை எடுத்து வந்திருந்தேன்.

கேள்விகள். நாடகத்தின் பெயர்? இரண்டு தட்டு. சொன்னேன். அத்தான் சொன்னார். எத்தனை வருடம் ஓடியது? இரண்டு தட்டு. "மூணு வருஷம், ஆனா முப்பது வருஷமா சம்பளம் கேக்கறேன்" என்றேன், கொஞ்சம் என் சரக்கையும் சேர்த்து. கூட்டம் சிரித்தது. அந்தக் குரல் மட்டும் மாறவே இல்லை. நான் தட்டையாக முணுமுணுப்பது மேலே போய்ப் பொன்னாகிறது. அதுதானே அவர். அதை எந்தக் குளியலறையும் தந்திருக்க முடியாது. நானும்தான்.

"சார், எங்களுக்காக ஒரே ஒரு தடவை, அந்த வசனம்!"

இரண்டு தட்டு.

அதுவுமா? அதுவும் போய்விட்டதா? எண்ணூறு பேர் காத்திருந்தார்கள். மறுபடி இரண்டு தட்டு, அவசரமாக.

"காலை எடுங்க அத்தான்," என்றேன், "பேப்பர் கிழியுது."

சொன்னார். அதே நடுக்கம், அதே கண்ணீர். கூரை இடிந்து விழுந்து மறுபடி எழுந்து நின்றது, அவ்வளவு கைதட்டல்.

அடங்கியதும் தொகுப்பாளர் கேட்டார்: "இது உங்களுக்கு எப்படி சார் தோணுச்சு?"

என் நேரம். மூன்று பக்கத்தையும் பையிலிருந்து எடுத்துத் தரையில் விரித்தேன். விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். 'பெருமக்களே' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

ஒரு தட்டு.

ஒன்றே ஒன்று. இன்னொன்றுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"தோணல," என்றார் அத்தான். நிறுத்தினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார், இருட்டில் சாவி தேடுகிறவர்போல. "அது வசனமே இல்ல. கீழ... மேசைக்குக் கீழ என் மச்சான். அவன் சொன்னான். நான் சும்மா... திருப்பிச் சொன்னேன். என்னை அத்தான்னு கூப்பிட உலகத்துலயே அவன் ஒருத்தன்தான்."

பிறகு கூட்டம் சிரித்தது. கைதட்டிச் சிரித்தது. "என்ன ஒரு நகைச்சுவை உணர்வு! என்ன தன்னடக்கம்!" என்றார் தொகுப்பாளர்.

"நெசமாத்தான். இப்பவும் கீழதான் இருக்கான்."

சிரிப்பு இரட்டிப்பானது. துணியை விலக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் தலையை நீட்டியிருக்கலாம். இரண்டடி தூரம்தான். பேருந்துகள் எல்லாம் ஒலியெழுப்பத் தயாராகத்தான் இருந்தன.

ஆனால் கீழே பார்த்தேன். பேசும்போது அத்தான் காலை முன்னால் நகர்த்தியிருக்கிறார். என் மூன்று பக்கத்தின் மேலும் அவர் ஷூ. முன்பக்கம் அழுத்தி, லேசாக நடுங்கிக்கொண்டு. 'மாமேதை' என்ற சொல்லுக்கு நேராகக் கிழிய ஆரம்பித்திருந்தது.

காலை எடுக்கச் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பச்சை இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கிழிகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

ஜூன் 18, செவ்வாய்

முடிதிருத்துபவர்: "பாத்தீங்களா சார்? மேசைக்குக் கீழ ஆளு இருக்கானாம்! இந்த வயசுலயும் என்ன காமெடி!"

"ஆமாங்க. அங்க எவன் உக்காருவான்?"

இரண்டாம் இட மிட்டாய் தந்தார். தின்றேன்.

ஜூன் 30, ஞாயிறு

இன்று நான் அவர்கள் வீட்டில். அக்கா வாசலில் நின்று, நான் ஏதோ கடல் தாண்டி வந்தவன்போலப் பார்த்தாள். கடல்தான். பதினைந்து நிமிட நடை.

மதியம் சாப்பாட்டு மேசை. அத்தான் எனக்கு எதிரே. மேலிருந்து பார்க்க வயதாகியிருக்கிறது. அவருக்கும் என் பதினேழு முடி அதிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து எதையோ தேடினார். வாய் திறந்து நின்றது. மேசைக்கு அடியில் என் பாதத்தில் இரண்டு தட்டு.

"உப்பு" என்றேன்.

"உப்பு" என்றார் அத்தான், அரங்கத்துக்கே கேட்கும் குரலில். அக்கா எடுத்துக்கொடுத்தாள். "பாரு, இன்னிக்கு எவ்வளவு தெளிவா பேசறார்!" என்றாள் மகளிடம். மகள் என் வாயைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு "தண்ணி". பிறகு "ஜன்னல்". பிறகு ஓர் இரட்டைத் தட்டுக்கு என்ன வேண்டும் என்று புரியாமல் "யானை" என்றேன். அவரும் "யானை" என்றார். இருவருக்கும் புரையேறிவிட்டது.

எல்லோரும் எழுந்து போனபின் நாங்கள் மட்டும் இருந்தோம். வெயில் மேசை விரிப்பில் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அத்தான் தட்டின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, "மாப்ள, அந்தப் பதினோரு வருஷம்..." என்று ஆரம்பித்தார். நின்றது. உதடு அசைந்தது. தேடினார், தேடினார். அவர் கால் என் பாதத்தை நோக்கி நகர்ந்து வருவது தெரிந்தது.

அது வந்து சேர்வதற்குள் என் காலால் தட்டினேன்.

ஒரு முறை.